காரணம் தெரியாத தலைச்சுற்றலும் ஒரு சமநிலைப் பயிற்சி மையமும்: எட்டு மாத அனுபவத்தின் மதிப்பீடு

தீராத தலைச்சுற்றலோடும் கால் தரிக்காத தள்ளாட்டத்தோடும் மூன்று ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், கடந்த எட்டு மாதங்களாக ஒரு சமநிலைப் பயிற்சி மையத்திற்குச் சென்றுவருகிறேன். உட்காதின் சமநிலை உறுப்பையும் அதனோடு இணைந்து வேலை செய்யும் கண், கழுத்து, கால்களையும் பரிசோதித்து, மருந்தைவிடப் பயிற்சியை முதன்மையாக வைத்துச் சிகிச்சை தரும் இடம் அது. ‘வெஸ்டிபுலார் மறுவாழ்வு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, இது நமக்கானதுதானா, இங்கே போய் என்ன ஆகப்போகிறது என்று வாசலோடு திரும்பியவர்கள் இருப்பார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் திரும்பினேன். அத்தகையவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதைப் படிப்பவர் செல்லப்போவது பெரும்பாலும் வேறொரு மையமாகத்தான் இருக்கும் என்பதால், இந்தச் சேவையில் எது நன்றாக இருக்க வேண்டும், எங்கே அது சறுக்கும் என்று தெரிந்துகொள்வதே அவருக்கு உதவும்.

அங்கே போவதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மெய்ப்புத் திருத்தும் தொழிலில் இருப்பவள். ஒரு நாள் காலையில் திருத்திக்கொண்டிருந்த பக்கத்தின் வரிகள் மெல்ல இடப்பக்கம் நழுவுவதுபோல் இருந்தது. அன்று தொடங்கிய உணர்வு அடியோடு நிற்கவேயில்லை. இரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்புப் பதிவு, காது கேட்கும் திறன் சோதனை, மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாவற்றிலும் ‘இயல்பு’ என்றே வந்தது. “எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்படாமல் இருங்கள்” என்று சொன்ன மருத்துவர் ஒருவர், அதே மூச்சில் தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார். அதை ஓராண்டுக்கு மேல் விழுங்கினேன். தூக்கமும் மந்தமும் வந்தனவே தவிர, தரை உறுதிப்படவில்லை. அறிக்கையில் ஒன்றுமில்லை என்பதற்கும் உடம்பில் ஒன்றுமில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எனக்கு விளக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அதை விளக்கும் வார்த்தை என்னிடமும் இல்லை.

மையத்தில் முதல் நாள் என்னைச் சந்தித்த பிசியோதெரபிஸ்ட் அந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்கினார். “அம்மா, தலைச்சுற்றல், மயக்கம் என்ற இரண்டு சொற்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்” என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. நம் மொழியில் நினைவு தப்பி விழுவதும் மயக்கம்தான், எழுந்து நின்றதும் கண் இருட்டுவதும் மயக்கம்தான், அறை சுழல்வதும் பல பேர் வாயில் மயக்கம்தான். ஆனால் மருத்துவத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் கொண்டுபோய்விடும். நான் யோசித்து யோசித்து, “அறை சுற்றவில்லை; படகை விட்டு இறங்கியவர் கால்போல் உள்ளுக்குள் ஓர் அசைவு இருந்துகொண்டே இருக்கிறது; தலையைத் திருப்பினால் பார்வை ஒரு கணம் தாமதமாக வந்து சேர்கிறது” என்றேன். அவர் நான் சொன்னதை என் சொற்களிலேயே எழுதிக்கொண்டார். பிறகு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, படுக்கையில் புரண்டால் கூடுகிறதா, கூட்டத்தில் கூடுகிறதா, தலைவலியோ வெளிச்சக் கூச்சமோ கூடவே வருகிறதா, காதில் இரைச்சலோ அடைப்போ உண்டா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. மூன்று ஆண்டுகளில் யாரும் என்னிடம் இவ்வளவு நேரம் இதைப் பற்றிக் கேட்டதில்லை. இந்த மையத்தைப் பற்றி ஒரே ஒரு நல்ல விஷயம்தான் சொல்லலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால், நான் இந்த முதல் மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

அதன்பின் ஒரு வினாப்படிவம் தந்தார்கள். 1990-இல் வெளியான, உலகெங்கும் இன்றும் பயன்பாட்டில் உள்ள 25 கேள்விகள் கொண்ட படிவம் அது. மேலே அண்ணாந்து பார்த்தால் கூடுகிறதா, இருட்டில் வீட்டுக்குள் நடக்கச் சிரமமா, இதனால் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டீர்களா, குடும்பத்தாரோடு உறவில் இறுக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கும். ஆம், சில நேரம், இல்லை என்று குறித்தால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். எனக்கு 62 வந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது அழுகை வந்தது உண்மை. ‘இயல்பு’, ‘இயல்பு’ என்று அச்சடித்த தாள்களுக்கு நடுவே, நான் படும் பாட்டுக்கு ஓர் அளவு உண்டு என்று ஒரு தாள் சொன்னது அதுவே முதல் முறை.

உடல் பரிசோதனையையும் அவசரமில்லாமல் செய்தார்கள். படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் பார்த்தார்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நிற்கும்போது வரும் கிறக்கத்திற்கு அதுவே காரணமாகலாம். எனக்குக் குறையவில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பியபடி சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்களைக் கவனிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையையும் செய்தார்கள். உட்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், இந்த நிலையில் கண்மணி துடிக்கும். அப்படியானால் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்திற்கே அனுப்பிவிடலாம், பலருக்கு ஓரிரு அமர்வுகளில் சரியாகிவிடும். எனக்கு அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது, கண் துடிக்கவில்லை. பிறகு கால்களைச் சேர்த்து வைத்துக் கண் மூடி நிற்பது, தடித்த நுரைமெத்தையின் மேல் அதே போல் நிற்பது, கண்ணை மூடியபடி நின்ற இடத்திலேயே 50 அடி எடுத்து வைப்பது. கடைசிச் சோதனை முடிந்து கண்ணைத் திறந்தபோது, சுவரைப் பார்த்து நின்றிருந்த நான் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். நான் திரும்பியதே எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருகையில் கருவிகளோடு கூடிய சோதனைகள். இங்கேதான் மையத்தின் முதல் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகள் இந்தச் சோதனைகளின் முடிவை மாற்றிவிடும் என்பதால், மருத்துவர் ஒப்புதலோடு அவற்றை முன்கூட்டியே நிறுத்திவிட்டு வர வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அரைநாள் விடுப்பு எடுத்து, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, குலுங்கும் வண்டியில் கண்ணை மூடியபடி வந்து சேர்ந்த பிறகுதான், “மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்படியானால் இன்று முடியாது” என்றார்கள். நேரம் உறுதிசெய்ய அனுப்பும் குறுஞ்செய்தியிலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். நடமாடுவதே நோயின் தொல்லையாக உள்ள மனிதர்களை வீணாக ஒரு முறை வரவழைப்பது சிறு பிழை அல்ல.

மறுமுறை சோதனை நடந்தது. கண்ணை மூடும் கருப்புக் கண்ணாடிக்குள் சிறு கேமரா வைத்துக் கண்மணியின் அசைவைப் பதிவுசெய்துகொண்டே, காதுக்குள் 30 டிகிரி நீரும் பிறகு 44 டிகிரி நீரும் மாறிமாறிச் செலுத்தினார்கள். காது கழுவும்போது நீரின் வெப்பநிலையைப் பொறுத்து நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து, அதையே சோதனையாக வளர்த்தெடுத்தவர் ராபர்ட் பாரனி. 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருடைய இந்த ஆய்வுகளுக்கே கிடைத்தது. உடலின் வெப்பத்தைவிட நீர் ஏழு டிகிரி கூடவோ குறையவோ இருந்தால் குழாய்க்குள் உள்ள திரவம் நகர்ந்து, படுத்திருப்பவருக்கு அறை சுழலும். எனக்கும் சுழன்றது, கடுமையாகவே. ஆனால் அந்த நேரம் முழுவதும் சோதனை நடத்திய பெண்மணி என் தோளில் கைவைத்தபடி, “இன்னும் அரை நிமிடம், குறையத் தொடங்கிவிட்டது, பாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுழற்சி எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் அதே சுழற்சியைத் தாங்க முடிகிறது என்பதை அங்கேதான் கற்றேன். இரண்டு காதுகளும் சமமாக வேலை செய்தன. தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் சோதனையும் இயல்பு.

அடுத்துத்தான் எனக்கு முக்கியமான சோதனை வந்தது. அதற்குக் கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. கண் மருத்துவரிடம் உள்ளது போன்ற எழுத்துப் பலகையை அசையாமல் படிக்கச் சொன்னார்கள். பிறகு பின்னாலிருந்து என் தலையைப் பிடித்து இடமும் வலமுமாகச் சீராக அசைத்தபடியே அதைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு வரிக்கு மேல் இழப்பு இருந்தால் கவனிக்க வேண்டியது என்பது கணக்கு. நான் நான்கு வரிகளை இழந்தேன். தலை ஒரு பக்கம் திரும்பினால் கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்சியை நிறுத்திப் பிடிக்கும். உட்காதிலிருந்து கண்ணுக்குப் போகும் இந்த அனிச்சைச் செயல் ஏறத்தாழ 10 மில்லி விநாடிக்குள் தொடங்கிவிடும் என்று விளக்கினார்கள். “இது உங்கள் நோய்க்குக் காரணம் சொல்லாது, அம்மா. எதைப் பழக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்” என்றார் பிசியோதெரபிஸ்ட். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை பிறந்தது.

முடிவுகளை விளக்கிய மருத்துவரும் அதே நேர்மையைக் காட்டினார். மூன்று மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் இருந்து, நிற்கும்போதும் நகரும்போதும் கண்முன் காட்சிகள் ஓடும்போதும் கூடுகிற ஒருவகை நாள்பட்ட தலைச்சுற்றலுக்கு, பாரனியின் பெயரால் அமைந்த பன்னாட்டுச் சங்கம் 2017-இல் இலக்கணம் வகுத்திருக்கிறது, சுருக்கமாகப் பி.பி.பி.டி. என்பார்கள். என் தொல்லைகளில் பாதி அதோடு பொருந்துகின்றன. ஆனால் எனக்கு நின்றாலும் படுத்தாலும் உள்அசைவு ஒரே அளவில்தான் இருக்கிறது. ஒற்றைத் தலைவலியோடு தொடர்புள்ள தலைச்சுற்றலுக்கும் தனி இலக்கணம் உண்டு. அதுவும் எனக்குப் பொருந்தவில்லை. “பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அது சரியான பெயராக இருக்காது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம்” என்றார். பெயர் கிடைக்காதது வலித்தது. ஆயினும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அத்தோடு கை கழுவிவிடாமல் செய்ய வேண்டியதைச் செய்த மருத்துவரை நான் சந்தித்தது அதுவே முதல் முறை.

இனி பயிற்சி. இந்தப் பயிற்சி முறைக்கு வயது எண்பதுக்கும் மேல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தலைக்காயம் பட்டவர்களுக்காகக் காதோர்ன் என்ற அறுவை மருத்துவரும் குக்சி என்ற மருத்துவரும் சேர்ந்து வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்தது. தலைச்சுற்றல் வருகிறது என்று அசையாமல் கிடப்பவரைவிட, எந்த அசைவு சுற்றலைக் கொண்டுவருகிறதோ அதையே அளவாகத் திரும்பத் திரும்பச் செய்பவர் விரைவில் தேறுகிறார் என்பதே அதன் அடிப்படை. மூளை தவற்றை உணர்ந்தால்தான் அதைத் திருத்தப் பழகும். நான் ஓராண்டாகச் சாப்பிட்ட மாத்திரை அந்தத் தவறு உணர்வையே மழுங்கடித்துக்கொண்டிருந்தது என்று கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. கடுமையான சுற்றல் வரும் முதல் சில நாள்களுக்கு அத்தகைய மருந்து தேவைதான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது தேறுதலைத் தாமதப்படுத்தும். மருத்துவர் சொன்னபடி அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன்.

எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி மிக எளியது. உள்ளங்கையளவு வெள்ளை அட்டையில் ‘ன்’ என்ற எழுத்தைக் கருப்பு மையால் எழுதி, கை நீட்டும் தொலைவில் கண் மட்டத்திற்குச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எழுத்தைவிட்டுப் பார்வை நகராமல், இல்லை என்று மறுப்பதுபோல் தலையை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். ஒரு நிமிடம், நாளுக்கு நான்கு முறை. வேறு எந்த எழுத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் புள்ளி வைத்த எழுத்தைக் கேட்டு வாங்கினேன், ஏனென்றால் என் தொழிலில் எனக்கு முதலில் கைநழுவியது புள்ளிதான். முதல் வாரத்தில் தலையை அசைத்தவுடன் புள்ளி எழுத்தைவிட்டுப் பிரிந்து ஒரு சிறு கோடாக நீண்டது. ‘ன்’ என்பது ‘ன’ ஆயிற்று. புள்ளி புள்ளியாகவே நிற்கும் வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம், அதற்கு மேல் போகாதீர்கள் என்பது கட்டளை. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் காலை, முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அசைத்தும் புள்ளி தன் இடத்தில் அசையாமல் இருந்தது. பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தச் சேவையின் உயிர் இந்த அளவு பார்த்தலில்தான் இருக்கிறது. பயிற்சிக்கு முன் உங்கள் சுற்றல் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பார்கள். பயிற்சியால் அது இரண்டு, மூன்று புள்ளி கூடலாம், ஆனால் இருபது நிமிடங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். என் பிசியோதெரபிஸ்ட் இதை ஒவ்வொரு முறையும் கடைப்பிடித்தார். அவர் விடுப்பில் இருந்த ஒரு வாரம் அவருக்குப் பதிலாக வந்தவர் கடைப்பிடிக்கவில்லை. நுரைமெத்தை மேல் நிற்பது, நடந்துகொண்டே தலையைத் திருப்புவது, திரையில் கோடுகள் ஓடும் காட்சியைப் பார்ப்பது என மூன்றையும் ஒரே அமர்வில், இடைவெளி இல்லாமல் செய்ய வைத்தார். “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பலன்” என்றார். வீடு திரும்பிய நான் இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. அதற்குப் பிறகு அட்டைப் பயிற்சியைத் தொடங்கவே ஒரு வாரம் பயந்தேன். என் குறிப்பேடு அவர் கையில்தான் இருந்தது; அதைப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. நானே அன்று நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘கற்பனை நோய்’ என்று பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு, முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அவ்வளவு எளிதல்ல என்பதைச் சிகிச்சை தருபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கைத்தடியைப் பற்றியும் கேட்டேன். அங்கே போகும் முன்பே ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதன்மேல் முழு எடையையும் சாய்த்து நடப்பதைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், என்னை நுரைமெத்தை மேல் கண்மூடி நிற்க வைத்து, ஒற்றை ஆள்காட்டி விரலின் நுனியால் பக்கத்துச் சுவரை மெல்லத் தொடச் சொன்னார். தாங்கிப் பிடிக்கும் வலு அந்தத் தொடுதலில் துளியும் இல்லை. ஆனால் என் ஆட்டம் நின்றுவிட்டது. பார்வை, உட்காது, கால்களும் மூட்டுகளும் தரும் உணர்வு என்ற மூன்றையும் சேர்த்துத்தான் மூளை நிலைகொள்கிறது. விரல் நுனி தரும் செய்தியும் அதற்குப் போதுமான சான்றாகிவிடுகிறது. அன்று முதல் தடியை ஊன்றாமல் தரையைத் தொட்டுப் பார்க்கும் விரலாகவே பிடிக்கிறேன். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சுவரோரமாக விரலை ஓட்டிக்கொண்டு நடக்கிறேன். நுரைமெத்தையை மையத்திலேயே வாங்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை, வீட்டில் உள்ள தடித்த மெத்தைத் துண்டே போதும் என்றார்கள். அதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சமநிலை தவறியவர்கள் மட்டுமே வந்து அமரும் காத்திருப்பு அறையின் தரையில் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். சுவரில் ஓயாமல் படம் மாறும் தொலைக்காட்சி. ஒரு குழல்விளக்கு நான் சேர்ந்த நாளிலிருந்து துடித்துக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து பரிசோதனை அறை வரை நீளும் நடையில் கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் பாதியில் முடிந்துவிடும். ஒரு முறை எனக்கு எதிரே இருந்த முதியவர் ஒருவர் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தி, தன் பெயர் அழைக்கப்படும் வரை அப்படியே இருந்தார். என்ன செய்கிறதென்று கேட்கத் தேவையில்லை, நானும் அதே நிலையில்தான் இருந்தேன். எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தொலைக்காட்சியை அணைத்தார்கள், விளக்கை மாற்றினார்கள். தரையும் கைப்பிடியும் அப்படியே இருக்கின்றன.

நேரம் ஒதுக்கும் முறையும் எனக்கு உடன்பாடில்லை. முந்தைய நாளே சொல்லாமல் வராமல் இருந்தால் அந்த அமர்வு கழிந்துவிட்டதாகக் கணக்கு வைக்கிறார்கள். இந்த நோயில் காலை எழுந்த பிறகுதான் அன்றைய நாள் எப்படிப்பட்டது என்றே தெரியும். அப்படி நான் மூன்று அமர்வுகளை இழந்தேன். அந்த நாள்களில் தொலைபேசியிலோ காணொளியிலோ கால் மணி நேரம் பேசியிருந்தால்கூடப் போதுமானதாக இருந்திருக்கும். அதேபோல், அச்சத்தையும் மனச்சோர்வையும் கவனிக்க அங்கே தனியாக ஒருவர் இல்லை. தலைச்சுற்றல் மனத்தால் வருகிறது என்று நான் ஏற்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தரை ஆடிக்கொண்டே இருந்தால் மனமும் சேர்ந்து ஆடத்தான் செய்யும். கவலையோடு உடம்பை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நடப்பதே தள்ளாட்டத்தைக் கூட்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். சொல்பவர்கள் அதற்கான உதவியையும் அதே இடத்தில் தர வேண்டும்.

ஓர் அமர்வுக்கு மட்டும் என் மகளை உடன் வரச் சொன்னார்கள். அவளையும் ஒரு தடித்த நுரைமெத்தையின் மேல் ஏற்றி, பார்வையை மங்கலாக்கும் கண்ணாடியை மாட்டி, தலையைத் திருப்பியபடி நடக்கச் சொன்னார்கள். மூன்றாவது அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், “அம்மா, இதை வைத்துக்கொண்டா நாள் முழுக்கப் பக்கம் பக்கமாகப் படிக்கிறாய்?” என்று கேட்டாள். மூன்று ஆண்டுகளாக என்னால் சொல்லி விளங்க வைக்க முடியாததை அந்தப் பத்து நிமிடங்கள் விளங்க வைத்தன. இதை எட்டு மாதத்தில் ஒரு முறை மட்டும் செய்யாமல், தொடக்கத்திலேயே எல்லாக் குடும்பத்துக்கும் செய்ய வேண்டும்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், அந்த 25 கேள்விப் படிவத்தில் 62 ஆக இருந்த என் மதிப்பெண் 36 ஆகியிருக்கிறது. 18 புள்ளிகளாவது மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்பது படிவத்தை உருவாக்கியவர்கள் வகுத்த கணக்கு. எழுத்துப் பலகையில் நான்கு வரி இழப்பு ஒரு வரியாகக் குறைந்துவிட்டது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் மெய்ப்புப் பார்க்க முடிகிறது. உள்அசைவு நிற்கவில்லை. இருட்டிலும் மேடுபள்ளத்திலும் இன்னும் தடுமாறுகிறேன்; தூக்கம் கெட்ட மறுநாளும் காய்ச்சல் கண்ட நாள்களிலும் பழைய நிலைக்கே போய்விடுகிறேன். ஆறாம் மாத மறுபரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை. நோய் தீர வேண்டும் என்று அங்கே போகிறவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். எனக்குக் குறைவாகத் தோன்றவில்லை.

எல்லோருக்கும் இது ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைச்சுற்றலோடு திடீரென்று பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, இதுவரை அறியாத கடுந்தலைவலி வந்தாலோ பயிற்சி மையத்தைத் தேடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும் சுழற்சி உள்ளவர்களுக்கு மாதக்கணக்கான பயிற்சி பெரும்பாலும் தேவைப்படாது. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்யத் தெரிந்த ஒருவரை முதலில் பாருங்கள். காதிரைச்சலும் காதடைப்பும் சேர்ந்து மணிக்கணக்கில் சுழல வைக்கும் மெனியர் நோய் போன்றவற்றில், தாக்குதல் நடக்கும்போது இந்தப் பயிற்சி உதவாது. நாள்பட்டு, அறிக்கைகள் எல்லாம் இயல்பு என்று வந்தும், நடப்பதும் படிப்பதும் பாரமாகிப் போனவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். முதல் சந்திப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள், சோதனைக்கு முன் எந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே பிசியோதெரபிஸ்ட்தான் பார்ப்பாரா, அவர் இல்லாத நாளில் வருபவர் என் குறிப்பேட்டைப் படித்துவிட்டு வருவாரா, காலையில் எழ முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் இடமாகப் பார்த்துப் போங்கள்.